தற்சார்புக்கு ஏற்ற மாவட்டம்

என் கணவருக்கு யாரையும் நம்பி வாழ்வது பிடிக்காது. ஒரு வருடமாக வீட்டில் இதே பேச்சுதான். சொந்த நிலம், சொந்தக் கிணறு, சொந்தக் காய்கறி. கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாதாம். அதற்கு எந்த மாவட்டம் தோது என்று ஞாயிறுதோறும் காரை எடுத்துக்கொண்டு அலைந்தோம். மழை, மண், நிலத்தடி நீர் என்று ஒவ்வொன்றுக்கும் அவரே மார்க் போடுவார். ஒரு மாவட்டம் பாஸாகிவிட்டால் நகரத்தில் நான் நடத்தும் கால்நடை கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். பணக்கார நாய்களுக்கு நகம் வெட்டுகிற பிழைப்பு என்றாலும் அது என் கிளினிக். அதனால் எல்லா மாவட்டமும் ஃபெயிலாகட்டும் என்று உள்ளூர வேண்டிக்கொள்வேன்.

கடைசியாகப் பார்த்த இந்த மாவட்டம் பாஸாகிவிடும் போலிருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார், தொண்ணூறு. மண்ணை அள்ளி ஏதோ தெரிந்தவர் மாதிரி முகர்ந்தார், தொண்ணூற்றைந்து. பக்கத்தில் டாக்டர், பஸ், கடை எதுவும் கிடையாது என்று நிலத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு நூற்றுக்கு நூறு.

"அதாங்க வேணும்! இப்படிப்பட்ட இடத்தைப் போய் ஏன் விக்கிறீங்க?"

நிலத்துக்காரர் தொழுவத்தைக் காட்டினார். "மாடு படுத்துட்டா பாக்க ஆள் இல்ல சார். போன வருஷம் ரெண்டு போச்சு. இப்ப இதுக்கும் மடி கல்லு மாதிரி வீங்கிருச்சு. போதும்டா சாமின்னு மக வீட்டுக்கே கிளம்பிட்டோம்."

மடிநோய். கண்ணில் பட்ட பிறகு கை சும்மா இருக்குமா? காரிலிருந்து என் பையை எடுத்து வந்தேன். கெட்ட பாலை ஒட்டக் கறந்து கொட்டி, ஊசி போட்டு நிமிர்ந்தபோது முழங்கை வரை சாணி. நான் இவ்வளவு சந்தோஷமாக வேலை பார்த்து எத்தனை காலமாயிற்று!

"நீங்க மாட்டு டாக்டராம்மா?" நிலத்துக்காரருக்கு முகமெல்லாம் பல். "நீங்க இங்க வர்றதா இருந்தா நான் எதுக்கு நிலத்த விக்கப் போறேன்?"

கணவர் திருதிருவென்று விழித்தார். நாங்கள் வந்தால் நிலம் இல்லை; நிலம் இல்லாவிட்டால் நாங்கள் எங்கே வருவது?

"வாரத்துல ஒரு நாள் வந்தாக்கூடப் போதும்மா," என்றார் நிலத்துக்காரர். "சுத்துவட்டார மாடெல்லாம் இங்கயே ஓட்டிட்டு வந்துருவாங்க."

"சனிக்கிழமை வரேண்ணே." சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

கார் கிளம்பியதும் கணவர் தீர்ப்பு வழங்கினார். "இந்த மாவட்டம் சரிப்படாது. ஒரு மாட்டுக்குக்கூட அடுத்தவங்க கைய எதிர்பாக்கறாங்க. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?"

என் கிளினிக் பிழைத்தது. சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க வேற மாவட்டம் பாருங்க. சனிக்கிழமை நான் இங்கதான். விடியக்காலைல கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவேன்."

 அவர் குரலை இறக்கிக் கேட்டார்:

"அப்ப சனிக்கிழமை எனக்குச் சாப்பாடு?"