ரகுபதி சாரின் கட்டைவிரல்

1991 ஆகஸ்ட் இரண்டாம் திங்கட்கிழமை, காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு, தலைமையாசிரியர் ரகுபதி தொட்ட இடமெல்லாம் ஊதா மையில் கட்டைவிரல் ரேகை விழ ஆரம்பித்தது. அன்று ஒரகடத்தில் கத்தரிக்காய் கிலோ மூன்று ரூபாய். ரேகை முதலில் சாக்பீஸில் விழுந்தது, பிறகு கரும்பலகையில், வெள்ளைச் சட்டையில், மதியம் பிசைந்த தயிர்சாதத்தில். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார், மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், படப்பை டாக்டரிடம் காட்டினார். டாக்டரின் மேசைத்துணி பாழானதுதான் மிச்சம்.

எல்லாம் துடைப்பத்தில் ஆரம்பித்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்கு முன்னால் காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் மட்டும் வகுப்பைப் பெருக்கி, கக்கூஸைக் கழுவிவிட்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார வேண்டும். இப்படி ஒரு முறை இருப்பதாக எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நாலாவது படித்த மெர்சி கக்கூஸுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்ததில் கணக்குப் பரீட்சையே முடிந்துபோனது. பூஜ்யம் போட்டு அனுப்பினார் ரகுபதி. மெர்சியின் அம்மா கங்கம்மாள் வாலாஜாபாத் ரோட்டுச் சூளையில் கல் சுமப்பவள். முப்பத்தெட்டு வயதில், ரேஷன் கடை வாசலில் நடந்த அறிவொளி வகுப்பில் அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கல்வி அதிகாரிக்குத் தானே மனு எழுதினாள். "சட்டத்துல எல்லாரும் ஒண்ணுன்னு கீதாம். உங்க பள்ளிக்கூடத்துல இல்ல. பெருக்கறதுன்னா எல்லாப் புள்ளயும் பெருக்கட்டும். எம் பொண்ணுக்குப் பரீட்சை திரும்ப வைக்கணும்."

அதிகாரி ரகுபதியிடம் விளக்கம் கேட்டார். ரகுபதிக்குத் தெரிந்த கங்கம்மாள் பள்ளியில் சேர்க்கும்போது கைநாட்டு வைத்தவள். மனுவை யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து, "புகாரை வாபஸ் வாங்குகிறேன்" என்று அவள் பெயரில் ஒரு தாள் எழுதினார். கீழே தன் வலது கட்டைவிரலையே மையில் தோய்த்து வைத்தார்.

"நீயே வாபஸ் வாங்கிட்டியேம்மா, இதோ கைநாட்டு" என்றார், விசாரிக்க ஆபீசுக்கு வந்த கங்கம்மாளிடம் அதிகாரி.

"நான் கையெழுத்து போடறவ சார். இப்ப போட்டுக் காட்டட்டா?"

"ஃபைல் முடிஞ்சிடுச்சும்மா. போ."

வெளியே வராந்தாவில் ரகுபதி நின்றிருந்தார். கங்கம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார், வெரலு ரொம்ப சுறுசுறுப்பா கீது? அதே வேலையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சூளைக்குப் போனாள். அது வெள்ளிக்கிழமை.

அடுத்த வாரத்தில் அவருக்குக் கையெழுத்தே போய்விட்டது. பேனா பிடித்தால் ரேகைதான் விழுந்தது. கைநாட்டு வைத்தால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசித்துக் காட்டிச் சாட்சி போட வேண்டும் என்பது அரசாங்க நடைமுறை. வாத்தியார் தசரதன் சாட்சி போட்டார், சாயங்காலத்துக்குள் அந்தக் கையெழுத்தின் மை மறைந்தது. தலையாரி அப்பாவு போட்டார், அதுவும் மறைந்தது. நிலைத்து நின்றது, கடைசியில் வேறு வழியில்லாமல் கேட்டு வாங்கிய கங்கம்மாளின் கையெழுத்து ஒன்றுதான்.

இருபது வருஷமாகக் காலனிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், ஒவ்வொரு தாளுக்கும் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உக்காரலாமா கங்கம்மா?"

"எம் பொண்ணு எங்க உக்காந்தாளோ அங்க உக்காருங்க சார். கொழம்பு கொதிக்கிது."

தரையில் உட்கார்ந்தார். அவள் குழம்பை இறக்கி, கை கழுவி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிக்க ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக வாசிக்கப் பழகிய பிறகும் அவருக்கு மட்டும் எழுத்துக் கூட்டியே வாசித்தாள். முதல் தாளுக்கே இரண்டு நிபந்தனை போட்டாள். மெர்சிக்கு மறுபரீட்சை வைத்தார்கள், எழுபத்தாறு வாங்கினாள். பெருக்கும் முறை எல்லாப் பிள்ளைகள் பெயரோடும் சுவரில் எழுதப்பட்டது. திங்கட்கிழமைக்கு நேராகத் தலைமையாசிரியர் என்று எழுதச் சொன்னாள். ஊர்க்காரர்கள் சிலர் இரண்டு நாள் பிள்ளைகளை அனுப்பாமல் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அனுப்பினார்கள்.

வயல்களெல்லாம் கம்பெனி மதில்களாக மாறிக்கொண்டிருந்த எட்டு வருஷமும் இப்படியே நடந்தது. ஓய்வூதியத் தாள்களில் மட்டும் நாற்பத்தொரு இடம். வாசித்து முடிக்க நான்கு நாள் ஆனது.

"இன்னுமா மனசு ஆறல?" என்று பக்கத்து வீட்டு மீனம்மாள் கேட்டாள்.

"ஏன், அவருக்கு வெரலு வலிக்குதாமா?" என்றாள் கங்கம்மாள்.

புதிதாக வந்த தலைமையாசிரியர் சுவரில் இருந்த பட்டியலைப் படித்தார். அன்று திங்கட்கிழமை. தன் கட்டைவிரலை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு, துடைப்பம் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.