பாப்பா தூங்கும் வளைவு

மதியம் ஒன்றே கால் மணிக்குப் படுக்கப் போன மனைவி, அறை வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மக்குப் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்புகிறவளின் பார்வை அது.

"பால் ஃபிரிட்ஜ்ல இருக்கு. வெதுவெதுப்பா இருந்தாப் போதும், கொதிக்க விட்டுடாதீங்க. ஏப்பம் வந்தப்புறம்தான் படுக்க வைக்கணும். கண்ணு சொருகுறப்பவே தொட்டில்ல விட்டுடணும். நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"எல்லாம் இருக்கு. நீ போய்ப் படு."

"நாலே கால் வரைக்கும் என்னை யாரும் எழுப்பக் கூடாது."

"எழுப்புறவன் என்னைத் தாண்டித்தான் வரணும்" என்றார் மாஸ்டர்.

பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலுக்கடியில் தனக்கென்று வைத்த தனி பிரேக்கை மிதித்தபடி "மெதுவா, மெதுவா" என்று சொல்வதுதான் தொழில். வீட்டிலும் அதே கதைதான். மனைவி குழந்தையைக் குளிப்பாட்டினால் பக்கத்தில் நின்று "தலையப் பிடி, தலையப் பிடி" என்பார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். பாப்பா பிறந்து ஆறு வாரத்தில் அவர் கொடுத்த யோசனைகளை மூட்டை கட்டினால் லாரி வேண்டும். ஒரு தடவைகூட அவளைத் தூங்க வைத்ததில்லை.

நேற்றுக் காலை மனைவி குளியலறைச் சுவரில் சாய்ந்து, வாயில் பிரஷ்ஷோடு, நின்றபடியே தூங்கிவிட்டாள். தொட்டு எழுப்பியதும் தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு எதுவும் வேணாங்க. மூணு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கணும், அவ்வளவுதான்." மாஸ்டர் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக இன்றைக்கு அரை நாள் லீவு போட்டு, தன் மாணவர்களை இளைய மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டார்.

நர்ஸம்மா சொன்னது சின்ன விஷயம்தான். பால், ஏப்பம், கொஞ்சம் கொஞ்சல், அப்புறம் திரையை இழுத்துவிட்டுத் தூக்கம். கடிகாரத்தை வைத்துக் குழந்தையை விரட்ட வேண்டாம், தூங்குவதையும் விழிப்பதையும் எழுதிக்கொண்டே வந்தால் அதுவே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும் என்றார். மனைவி அதற்கென்று ஒரு நோட்டே போட்டாள். இரவுகள் ஓரளவு படிந்தன. பகல்தான் பிடி கொடுக்கவில்லை. இருட்டாக இருக்கிறதே என்று தெருமுனைப் பக்கத்து அறைக்குத் தொட்டிலை மாற்றியும் பயனில்லை. கண் அயர்ந்த கொஞ்ச நேரத்தில் பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுவாள்.

"வளைவுல எவனோ நாள் பூரா ஹாரன் அடிக்கிறான்" என்று மனைவி பல்லைக் கடிப்பாள். "கையில மட்டும் கிடைக்கட்டும்."

"பொறுப்பில்லாத ஜென்மம்" என்று மாஸ்டரும் ஒத்து ஊதுவார். "இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

இன்று பால் புகட்டுவதில் பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை. பாட்டிலை ஒரு முறை மூக்கில் வைத்தார், அவ்வளவுதான். முதுகைத் தடவித் தடவி, பெரிய மனுஷி போல ஓர் ஏப்பம் வரவழைத்தார். அதை ஊருக்கே சொல்ல வேண்டும் போலிருந்தது. பிறகு திரையை இழுத்துவிட்டு மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பேசினார். பாப்பாவின் கண் சொருகியது. இனிதான் கஷ்டம். தொட்டிலுக்கு மேல் குனிந்து, முதலில் கால், அப்புறம் இடுப்பு, கடைசியில் தலை என்று இறக்கினார். கையை உருவுவதுதான் கிளட்ச். சட்டென்று விட்டால் வண்டி குலுங்கி நின்றுவிடும். ஒவ்வொரு விரலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். பாப்பா தூங்கிவிட்டாள்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவராகவே ஓட்டி முடித்த வண்டி இது.

மணி இரண்டு பத்து. ஜன்னலுக்கு வெளியே, பாம்... பாம்.

பாப்பா இரண்டு கையையும் வானத்துக்கு விரித்து வாயைத் திறந்தாள். அழுகை வெளியே வருவதற்குள் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். இந்தக் குரலுக்கு மூன்று கதவு தாண்டியும் மனைவி எழுந்து வந்துவிடுவாள். ஆனால் அவரைக் குலைநடுங்க வைத்தது அழுகை அல்ல, அந்த ஹாரன். தொண்டை கட்டிய அந்தச் சத்தத்தை எந்த நெரிசலிலும் அடையாளம் சொல்வார். அது அவருடைய ஓட்டுநர் பள்ளியின் கார்.

பாடம் எடுக்கும் வழி இந்தத் தெருவில்தான் வருகிறது. எதிரே வருவது தெரியாத வளைவு. ஒரு ஹாரன் கட்டாயம் என்று அவரே விதி வைத்திருந்தார். பாப்பா பிறந்த பிறகு இன்னொன்றும் சேர்த்தார். வேலை நேரத்தில் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாதே, அப்பா இந்தப் பக்கம்தான் போகிறேன் என்று மகளுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது பொம்மைச் சத்தம் போலத்தான் கேட்டது. மாணவர்கள் எல்லோரும் சொன்னபடி கேட்கிறவர்கள். அதிலும் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். பிறர் பல்லைக் கண் இமைக்காமல் பிடுங்குகிறவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை உதறும். அவர் தவறாமல் இரண்டு அடிப்பார்.

மாஸ்டர் நோட்டைப் புரட்டினார். 11.10 விழித்தாள். 11.40 விழித்தாள். 2.10. 2.40. பக்கம் பக்கமாகப் பத்தும் நாற்பதும். அரை மணிக்கு ஒரு பாடம். அவர் போட்ட அட்டவணையை மனைவி அவருக்குத் தெரியாமலே நகல் எடுத்து வைத்திருந்தாள்.

இளைய மாஸ்டருக்குப் போன் செய்தார். அணைக்கப்பட்டிருந்தது. பாடம் நடக்கும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட விதிதான்.

வேறு வழியில்லை. பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படி இறங்கி வளைவில் போய் நின்றார். இரண்டு நாற்பதுக்குக் கார் வந்தது. கையை உயர்த்திக் காட்டினார்.

"ஹாரன் வேணாம்" என்றார், கிசுகிசுப்பாக. "ஃபர்ஸ்ட் கியர்... கிளட்ச்ச விடுங்க... மெதுவா... இன்னும் மெதுவா..."

"என்ன மாஸ்டர், லீவுல இல்ல நீங்க?" என்றார் இளைய மாஸ்டர்.

"போய்யா. சத்தம் போடாமப் போ."

கார் போனதும்தான் கவனித்தார். தோளில் பாரம் கூடியிருந்தது. அந்த "மெதுவா" காருக்குச் சொன்னதுதான், எடுத்துக்கொண்டு தூங்கிப்போனது பாப்பா. வீட்டுப் பக்கம் இரண்டடி வைத்தார், சிணுங்கினாள். வளைவுக்குத் திரும்பினார், அடங்கினாள். சரி, நாமும் நிற்போம் என்று நின்றுவிட்டார். மூன்று பத்துக்கு ஒருவர், மூன்று நாற்பதுக்கு ஒருவர். போகிறவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கால் கடுத்தது, தோள் மரத்துப்போனது. இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் பாடம் நடத்தியதில்லை.

நாலு பத்துக்குப் பல் டாக்டரம்மா வந்தார். வண்டி குலுங்காமல், முதல் தடவையாக, அவர் பக்கத்தில் அழகாக நின்றது. அந்தப் பெருமையில் டாக்டரம்மா கண்ணாடியை இறக்கினார். வாய நல்லாத் திறங்க என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய கணீர்க் குரல்.

"என்ன மாஸ்டர், இன்னைக்கு ஹாரன் வேணாமா? நீங்கதானே சொன்னீங்க, வளைவுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணுன்னு?"

மாஸ்டர் உதட்டில் விரலை வைத்தார். தலைக்கு மேலே திரை விலகும் சத்தம் கேட்டது.

தொட்டிலில் பிள்ளையைக் காணாமல் ஜன்னலுக்கு வந்திருக்கிறாள் மனைவி. அவிழ்ந்த கூந்தல், கன்னத்தில் தலையணையின் வரி, மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கிய முகம். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. கார் கூரையில் இருந்த பள்ளியின் பலகையைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பல் டாக்டரம்மா மெதுவாக, மிக மெதுவாகக் கிளட்ச்சை விட்டார். கார் சத்தமில்லாமல் வளைவைக் கடந்தது. கழுத்தில் பாப்பாவின் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டிருக்க, வெறுங்காலோடு நின்ற மாஸ்டரின் வலது பாதம் தார்ச் சாலையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.