பந்து கேட்கும் மரியாதை

அந்த வருடம் தேயிலைத் தோட்டத்துக் கூடைப்பந்து அணியில் மூன்று பேருக்கு ஒரே மாதத்தில் இந்தியா பாஸ்போர்ட் வந்து, பெட்டி கட்டிக்கொண்டு, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் தலைவன் கணபதியும் பெரியசாமியும்தான். இருவருக்கும் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பதுளைக் கடைவீதி அணியிடம் தொடர்ந்து ஏழு வருடம் தோற்ற பெருமை அவர்களிடம் பத்திரமாக இருந்தது.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை, கொழும்பில் படித்த காலத்தில் பந்து ஆடியவர். தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதைக் கவனிக்க நேரமில்லாத அவருக்கு அணியைக் கவனிக்க நேரம் இருந்தது.

"பழசு ரெண்டு, இளசு மூணு. இந்தத் தடவையும் தோத்தா பழசு வேணாம்" என்றார்.

காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கணபதி நூற்றுச் சொச்சம் பெயர்களில் ஒன்று. தேயிலை பக்டரிக்குப் பின்னால் இருந்த அந்த மைதானத்தில்தான் அவன் சொன்னால் நாலு பேர் ஓடுவார்கள். அதை இழக்க அவனுக்கு மனமே இல்லை.

மூன்று பையன்களும் மான் மாதிரி ஓடினார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தது. நல்லையா, கணபதியின் தங்கை மகன். வளையத்துக்கடியில் தன்னந்தனியாக நின்றுகொண்டு, "மாமா, நேரம் இருந்தா இந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்களேன்" என்பான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பந்து கைமாறிவிடும். இன்னொருவனுக்குப் பெரியசாமி பெரியப்பா முறை. மூன்றாமவனுக்கு இருவருமே மாமன்மார் என்பதால், அவன் பந்து கேட்பதையே விட்டுவிட்டான்.

கணபதி சீர்திருத்தத்தில் இறங்கினான். "கோட்டுக்குள்ள மாமனும் கெடையாது, பெரியப்பனும் கெடையாது. 'டேய் கணபதி, போடுடா'ன்னு கத்தணும். புரியுதா?"

நல்லையா கண்ணை மூடிக்கொண்டு, "டேய்... கணபதி மாமா, போடுங்க" என்றான்.

ஒரு மாதம் இதே பாடம். வீட்டில் மனைவி இராக்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நாத்தனா மவனுக்கு ஒங்கள வையக் கத்துக் குடுக்கிறீங்களே, வேற வேலையே இல்லையா?"

"ஒனக்கு வெளையாட்டப் பத்தி என்ன தெரியும்? காலம் மாறிப்போச்சு" என்றான் கணபதி. காலத்தைத் தானே மாற்றிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பதுளையில் ஆட்டம். சொந்தக்காரர்கள் லொறி பிடித்து வந்திருந்தார்கள். கடைவீதி அணித் தலைவன் புவாத், புடவைக் கடைக்காரன், தொப்பையைத் தடவிக்கொண்டு வரவேற்றான். "இந்த வருஷமும் வந்துட்டீங்களா கணபதியண்ணன்? சந்தோஷம். நீங்க வராட்டி நாங்க யாரைத் தோக்கடிக்கிறது?"

ஆனால் அன்று பையன்கள் ஓடிய ஓட்டத்தில் புவாத்துக்கு மூச்சு வாங்கியது. கடைசி நிமிடத்தில் நாற்பத்தொன்றுக்கு நாற்பது. ஒரே ஒரு கூடை விழுந்தால் தோட்டம் ஜெயித்துவிடும். பந்து கணபதியின் கையில். வளையத்துக்கடியில் நல்லையா, பக்கத்தில் எதிராளி ஒருவன்கூட இல்லை.

"டேய் கணபதி! போடுடா!"

மைதானமே கேட்கும்படி, வெங்கலத் தொண்டையில் கத்தினான். ஒரு மாதப் பாடம் அந்த ஒரு நொடியில் பலித்துவிட்டது.

கணபதி சடாரென்று திரும்பினான். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "எவன்டா அவன், என்னைய டேய்ங்கிறது?" என்று விரலை நீட்டினான்.

புவாத் அந்தப் பந்தைக் குழந்தையை வாங்குவதுபோல் பதமாக வாங்கிக்கொண்டான். விசில் ஊதிவிட்டது.

சின்னத்துரை அணிப் பட்டியலோடு வந்தார். "பந்து ஏன் வரல்ல?"

"நாந்தாங்க தொர. கூப்பிட லேட்டாயிருச்சு" என்றான் நல்லையா தலையைக் குனிந்துகொண்டு.

துரையின் பேனா நல்லையாவின் பெயருக்குப் போயிற்று. அந்தப் பொய் கணபதிக்கு மிகவும் வசதியாக இருந்தது. இன்னும் ஒரு வருடம் தலைவனாக இருக்கலாம். பையனுக்கு என்ன, வயசிருக்கிறது. இப்படியெல்லாம் நினைத்தவனுக்கு, தலை நிமிராமல் நின்ற பையனைப் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்லீங்க தொர. அவன் சரியாத்தான் கூப்புட்டான். எனக்குத்தான் கேக்கப் பொறுக்கல."

துரை பட்டியலில் பழசு இரண்டையும் அடித்தார்.

அடுத்த ஞாயிறு கணபதி லயத்தை விட்டு நகரவில்லை. பக்டரிப் பக்கமிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. "போடுடா! இங்கடா! டேய், இந்தா!" பந்து ஓரிடத்திலும் தங்கவில்லை என்பது அவனுக்குக் காதிலேயே தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நன்றாகத்தான் ஆடினார்கள், பாவிப்பயல்கள்.