காவிக்குக் கீழே

“அங்கே போனா மட்டும் ஏன் பாஞ்சாலி உனக்கு அக்கி வருது?”

போன ஐப்பசியில் இப்படிக் கேட்டவள் ராமக்காள். அதியமான்கோட்டைக் குயவர் வீட்டு மருமகள். அக்கிக் கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்து எழுதிவிடுகிறவள். கேட்டுவிட்டு அவள்பாட்டுக்குக் கோழி இறகைக் காவியில் தோய்த்தாள். பாஞ்சாலிக்குத்தான் அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்தது.

புருஷன் வீடு பாப்பாரப்பட்டியில். அங்கே மாமியார் பெரியம்மாள் சட்டியை ணங்கென்று வைத்தாலே பாஞ்சாலிக்குப் பயம். சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. முதலில் வாய்ப்புண், அப்புறம் காய்ச்சல், கடைசியில் தோளெல்லாம் நெருப்பாய் அக்கி. அதியமான்கோட்டைத் தாய்வீட்டுக்குத் துரத்துவார்கள். இங்கே களியும் கீரையும் தின்று பயமில்லாமல் தூங்கினால் கொப்புளம் காய்ந்துவிடும். காய்ந்ததும் அழைத்துப் போவார்கள். மறுபடியும் சட்டி, மறுபடியும் அக்கி.

சாமி குத்தம் என்றது ஊர். இல்லை, பயத்தைச் சுமந்து சுமந்து உடம்பு ஓய்ந்துபோகிறது, ஓய்ந்த உடம்பில் நோய் ஏறுகிறது என்று பாஞ்சாலிக்கு இப்போது புரிந்தது.

இந்தத் தடவை காய்வதற்குள்ளேயே பெரியம்மாள் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். உலகச் சண்டைக் காலம், ஆண்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் கூலிக்கு ஆளில்லை, ராகிக் கொல்லை முற்றி நின்றது.

“கிளம்புடி.”

“இன்னும் ஆறலைங்க அத்தே.”

“வேலைன்னா வருது, சோறுன்னா போவுது. நல்ல அக்கிடி உன்னுது! காவியப் பூசிக்கிட்டு வேஷமா கட்டுற?”

“போயிட்டு வந்துடும்மா,” என்று கெஞ்சினாள் பாஞ்சாலியின் அம்மா நஞ்சம்மாள்.

பாஞ்சாலி அசையவில்லை. பெரியம்மாள் முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, அவள் தோளில் இருந்த காவியை அழுத்தித் துடைத்தாள். கொப்புளங்கள் உடைந்து நீர் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள் பாஞ்சாலி. வெளுத்தது மாமியாரின் முகம்தான்.

“பார்த்துக்கிட்டீங்களா? நான்தான் ஊமை. என் ஒடம்பு ஊமையில்லைங்க. அந்த வூடு ஆவாதுன்னு மூணு வருசமாக் கத்திக்கிட்டிருக்குது. இனி அது பேச்சைத்தான் கேப்பேன். நான் வரமாட்டேன்.”

“ஐயோ, ஊர் சிரிக்குமேடி!” என்றாள் நஞ்சம்மாள்.

“சிரிக்கட்டும்மா. ஊர் சிரிச்சு யாருக்கும் அக்கி வந்ததில்ல.”

பெரியம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

“கையைக் கழுவிட்டு வண்டி ஏறுங்க அத்தே. அக்கி ஒட்டும்பாங்க.”

பெரியம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள், செக்கச்செவேலென்று காவி. ஈர முந்தானை மேலே படாமல் எட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.