மூக்கும் முழியுமாக

கொலெட் நாலாவது தூர்த்தியேரை எட்டுத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். மாவுக்குள் பொதிந்து சுட்ட பன்றிக்கறியின் ஆவி முகத்தில் அடித்தது. கோயில் கூடத்தின் சமையலறைக்கும் சாப்பாட்டு மேஜைகளுக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான். அதற்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு பெண்களுக்கு, இந்தப் பக்கம் ஆள் இருப்பது தெரியவில்லை.

"மகதான் போட்டுக் குடுத்தாளாம். ஆறையும்."

"அடக் கடவுளே. எண்ணத் தெரியாதா அவளுக்கு?"

"ஸ்கூல் பஸ் ஓட்டுறா. பிள்ளைங்கள எப்படி எண்ணி எறக்குறாளோ!"

கொலெட் கத்தியை வைத்துவிட்டு வெட்டிய துண்டுகளைத் தட்டில் அடுக்கி வெளியே கொண்டுபோனாள். இருவரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். "கொலெட், கண்ணு, தெம்பா இரும்மா" என்றாள் ஒருத்தி. இந்த ஊரில் ஆறுதலுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

காலையில்தான் அப்பாவின் இறுதிப் பூசை முடிந்திருந்தது. மார்ச் மாதம், மண் இன்னும் கல்லாய்க் கிடந்ததால் குழி தோண்ட முடியாது. மே மாதம் வரை ஆர்மன் லெவெக் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் பெட்டிக்குள் காத்திருக்க வேண்டும். தோட்டா தாடைக்குக் கீழே நுழைந்திருந்தது. சவ அலங்காரக்காரர் மெழுகு வைத்து, பவுடர் பூசி, அந்த இடம் தெரியாமல் மூடியிருந்தார். வரிசையில் வந்த எல்லாரும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "எவ்வளவு அழகா இருக்கார்!" எழுபத்தைந்து வயதுவரை யாரும் அவரிடம் சொல்லாத வார்த்தை அது.

செவ்வாய்க்கிழமை காலை நடந்தது இவ்வளவுதான். பின்வாசலில் பறவைகளுக்குத் தானியம் போடும் கூண்டைக் கரடி ஒன்று உலுக்கிக்கொண்டிருந்தது. ஆர்மன் அதை விரட்ட, ஆணியில் தொங்கிய, துப்பாக்கி செருகிய இடுப்புவாரை எடுத்தார். உறையின் பட்டன் போட்டிருக்கவில்லை. ரிவால்வர் நழுவிக் கருங்கல் படியில் தலைகீழாக விழுந்தது. தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியல் கல்லில் இடித்தது. வெடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அதில் தோட்டா போட்டுக் கொடுத்தது கொலெட். அப்பாவுக்கு மூன்று வருஷமாகப் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரத்தில் தெரியும், நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. அதனால் ஞாயிறுதோறும் அவள்தான் பழைய தோட்டாக்களை எடுத்துத் துடைத்து, புதுசு போடுவாள். பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, உருளையைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு குழியாக. ஆறு குழி, ஆறு தோட்டா. அப்பா சொல்லிக் கொடுத்தது அதுதான். "அஞ்சு போடறதெல்லாம் பழச வெச்சிருக்கறவன் பொழப்பு. நம்மளது புதுசு. தைரியமா ஆறு போடு."

பழையதில் சுத்தியலுக்குக் கூர்மையாய் ஒரு மூக்கு உண்டு. சும்மா இருக்கும்போதும் அந்த மூக்கு தோட்டாவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அதற்காகத்தான் நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு குழியைக் காலியாக விட்டு, மூக்கை அதன்மேல் நிறுத்தி வைத்தார்கள். இந்த ஊர் ஆற்றோரத்துத் துப்பாக்கிப் பேக்டரியில் மூக்கை வெட்டி, சுத்தியலின் முகத்தைத் தட்டையாக்கி, நடுவில் ஒரு சின்னத் தகட்டை வைத்தார்கள். விசையை இழுத்தால்தான் தகடு மேலே வந்து சுத்தியலின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும். இழுக்காமல் எங்கே எறிந்தாலும் வெடிக்காது. அந்தத் தகட்டை முதன்முதலில் ராவிப் பொருத்திய மேஜையில் நின்றவர்களில் ஆர்மனும் ஒருவர். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே பெருமை அது.

வாங்கியவர்கள் காறித் துப்பினார்கள். அப்பனும் தாத்தனும் வைத்திருந்த துப்பாக்கியைப் பன்றி மூஞ்சி ஆக்கிவிட்டான்கள் என்றார்கள். துப்பாக்கி கிளப்பில் ஆர்மனுக்கே 'தட்டைமூக்கன்' என்று பெயர் வந்தது. பெற்ற மகன் டெனியும் அந்தக் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இந்தச் சண்டை இல்லாமல் பீன்ஸ் பானை காலியானதே இல்லை.

"அசிங்கமாத்தான் இருக்கும். நிம்மதியாத் தூங்கலாம்" என்பார் அப்பா.

"கட்டிக்கப்போற பொண்ணப் பத்தியும் இப்படித்தான் சொன்னீங்களாப்பா?" என்பான் டெனி. அம்மா லூசியேல் விழுந்து விழுந்து சிரிப்பாள். டெனி எது சொன்னாலும் அம்மாவுக்குச் சிரிப்பு வரும். நாற்பத்து நாலு வயதிலும் அவன் அவளுக்குக் கண்ணன். நாலு வயது மூத்த கொலெட், கொலெட்தான்.

டெனிக்குக் கொட்டகையில் ஒரு பட்டறை இருந்தது. புது ரிவால்வர்களைப் பழசுபோலத் தோன்ற வைத்துத் தருவதுதான் அவன் தொழில். அப்பா ராவிப் பொருத்தியதை மகன் கழற்றி எறிந்து பிழைத்தான் என்றும் சொல்லலாம். அப்பாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அவருடையதையும் இரண்டு வாரம் வாங்கி வைத்திருந்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தான். சாயம் ஏற்றி மெருகு போட்டேன் என்றான். அப்பா விரலால் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்குடா" என்றார்.

கொலெட் காபி ஜாடியோடு ஆண்கள் மேஜைப் பக்கம் போனபோது, ஊர்ப் போலீஸ் தலைவர் ஒரு பழுப்புக் காகித உறையை டெனியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் கிளப் ஆள்தான். "விபத்துன்னு எழுதி முடிச்சாச்சு. கையெழுத்துப் போடு, போதும்."

"எடுடா, பாப்போம்" என்றது ஒரு குரல்.

டெனி எடுத்தான். காலி ரிவால்வர் வேகவைத்த பன்றித்தொடைக்கும் ஊறுகாய்க் கிண்ணத்துக்கும் மேலே கைமாறிப் போனது. செத்தவரின் சாப்பாட்டில், அவரைக் கொன்றதைக் கையில் வாங்கி ரசித்தார்கள். அவர்களுக்கு அது தப்பாகவே படவில்லை.

"என்ன நீலம்டா இது! ஆத்து ஆழம் மாதிரி."

"சாயத்த விடு. சுத்தியலப் பாரு. இப்பத்தானய்யா மூக்கும் முழியுமா இருக்கு!"

சொன்னவன் நிமிர்ந்தான். கொலெட் நின்றிருந்தாள். அவள் ஜாடியை மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். யாரும் மறுக்கவில்லை. கட்டைவிரலால் சுத்தியலை முழுக்கப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள்.

கூர்மையான மூக்கு. தகடு இருந்த இடம் காலி.

ஞாயிறுதோறும் குழிகளைப் பார்த்தாள், தோட்டாக்களைப் பார்த்தாள். சுத்தியலின் முகத்தை எதற்குப் பார்ப்பாள்? அது அவளுக்கு என்றைக்கும் ஒரே முகம்தான்.

"இத எப்ப மாத்துனீங்க?"

அப்பாவோடு அதே மேஜையில் முப்பது வருஷம் நின்ற ரோமேயோ கிழவர்தான் வாயைத் திறந்தார். "சும்மா ஒரு வெளையாட்டுதாம்மா. ஊருக்கெல்லாம் தட்டைமூக்குப் பெருமை பேசினவன், இடுப்புல மூக்க வெச்சுக்கிட்டுத் திரியறான்னு... அவனுக்குக் கண்ணு தெரியலையா... கிளப்புல சிரிப்போம். கெட்ட எண்ணமெல்லாம் இல்ல."

"எல்லாருக்கும் தெரியுமா?"

ஒன்பது ஆண்களும் அவரவர் காபியைப் பார்த்தார்கள். அப்பா ஆறு போடுகிறவர் என்பதும் அந்த ஒன்பது பேருக்கும் தெரியும். ஆறு போடலாம் என்பதுதானே நாற்பது வருஷமாக அவர்களோடு அவர் போட்ட சண்டை!

கோட்டுகள் மாட்டியிருந்த நடைவழிக்கு டெனி அவளைப் பின்தொடர்ந்து வந்தான்.

"கத்தாத" என்றான்.

"நான் கத்தவே இல்லடா. அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பாரா? பாக்க நல்லா இருந்துச்சு. அவருக்கும் பிடிச்சுத்தானே இருந்துச்சு?"

"குருடாயிட்ட மனுஷனுக்கு எதுக்குடா அழகு? யாரு பாக்க?"

மடக்கிவிட்டால் அடங்குகிற ஜாதி இல்லை டெனி. "உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? போடும்போது நீ பாத்திருக்கணும்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. செவ்வாயிலிருந்து அம்மா அவளிடம் பேசியது ஒரே ஒரு வரி. 'எண்ணிப் போடக்கூடாதா?' ஐந்து நாளாக அந்த வரியோடுதான் அவள் படுத்தாள், எழுந்தாள். விழுந்தால் வெடிக்கவே கூடாத துப்பாக்கியில் எங்கே பிசகினோம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொல்லு. தாராளமாச் சொல்லு." அவன் குரல் இறங்கியது. "என்னையும் வெறுத்துட்டா அவங்களுக்கு யாரு மிச்சம்? நீயா?"

வீடு திரும்பியபோது மணி நாலு. பின்வாசல் பனியில் கரடியின் புதுத்தடம் கூண்டுவரை வந்து திரும்பியிருந்தது. அம்மா கறுப்பு உடைக்கு மேலே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். கொலெட் தொட்டியில் பாத்திரம் கழுவினாள். சொல்ல வேண்டிய வாக்கியம் அவள் வாய்க்குள் தயாராக இருந்தது. எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

"கண்ணா, அத லோடு பண்ணி ஆணியில மாட்டிட்டுப் போ" என்றாள் அம்மா.

டெனி உறையைக் கையிலேயே வைத்திருந்தான். "வேணாம்மா. நான் எடுத்துட்டுப் போறேன். வேற ஒண்ணு கொண்டாந்து தரேன்."

"அவரு துப்பாக்கி இந்த வீட்டுலதான் இருக்கணும். நான் தனியா இருக்கேன், கரடி வாசல் வரைக்கும் வந்துட்டுப் போகுது." அம்மா இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்து, ஆறு தோட்டாக்களை எண்ணி மேஜை விரிப்பின்மேல் வரிசையாக நிறுத்தினாள். "நீ போடு. பாத்துப் போடத் தெரிஞ்சவன் போடட்டும்."

கொலெட் குழாயை மூடினாள்.

டெனி உட்கார்ந்தான். சின்னக் கதவைத் திறந்து ஒன்று போட்டான். அடுத்த குழியை விட்டான். பிறகு நாலு. காலிக்குழி மேலே வந்ததும் கட்டைவிரலால் பிடித்து, சுத்தியலை மெதுவாக அதன்மேல் இறக்கினான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

விரிப்பின்மேல் ஒரு தோட்டா நின்றது.

"ஒண்ணு மிச்சம் இருக்கே" என்றாள் அம்மா.

"அஞ்சு போதும்மா."

லூசியேல் ஆர்மனோடு ஐம்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். ஐந்து எதற்கு, ஆறு எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மகனின் கையைப் பார்த்தாள். அதிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கொலெட் ஈரக்கையோடு நின்றாள். இனி அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அம்மா திரும்பி அவளை ஒருமுறை பார்த்தால் போதும்.

அம்மா அந்தத் தோட்டாவை எடுத்து ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

சுவரில் போன் அடித்தது. பனியால் சாவுக்கு வர முடியாத கியூபெக் அத்தை. அம்மா எழுந்து போய் எடுத்தாள். பூசை நன்றாக நடந்தது என்றாள். முகம் அழகாக இருந்தது, எல்லாரும் சொன்னார்கள் என்றாள். பிறகு கொஞ்சநேரம் அந்தப் பக்கத்துக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"ஆமா, கொலெட்தான்" என்றாள். "ஆறையும் போட்டுட்டா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்?"

டெனி நீல இரும்பில் பதிந்திருந்த தன் விரல் தடத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். ஒரு ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மங்கல் இருந்தது. அதையும் துடைத்துவிட்டு ஆணியில் மாட்டினான்.