ஜெனரல் டில்வொர்த்தின் பெட்டி ஆற்றைக் கடந்த விதம்

ஜெனரல் ஹொரேஸ் டில்வொர்த் சண்டை தொடங்குவதற்கு முன்பே அதைப் பற்றிய அறிக்கையை எழுதி முடித்துவிடுவார். ‘எதிரி சிதறி ஓடினான், நமது இடது அணி மலைபோல் நின்றது’ என்று அழகான கையெழுத்தில் எழுதி, எத்தனை பேர் செத்தார்கள் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைப்பார். சண்டை முடிந்து வந்ததும் அந்த இடத்தை நிரப்புவார். தோற்றுப்போனால் கிழித்துப்போட மனம் வராது. அதையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

கறுப்புத் தோல் போர்த்தி, பித்தளைப் பட்டை அடித்த பெரிய டிரங்குப் பெட்டி அது. இளம் லெப்டினன்டாக மெக்சிகோ சண்டையில் தொடையில் குண்டு வாங்கியதற்கான சான்றிதழ், மனைவியின் கடிதங்கள், மனைவிக்கு அவர் எழுதியவற்றின் நகல்கள், அவரைப் புகழ்ந்த பத்திரிகைத் துண்டுகள், மற்ற ஜெனரல்கள் அத்தனை பேரும் மடையர்கள் என்று தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்கு எழுதிய புகார்கள், எல்லாம் அதற்குள் இருந்தன. ராச்சாப்பாடு ஆனதும் ஒன்றை உருவி உரக்கப் படிப்பார். அதிகாரிகள் கொட்டாவியை மீசைக்குள் மறைத்துக்கொள்வார்கள். நான் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்பேன். எழுத்து தெரியாத எனக்கு அவருடைய ராணுவ வாழ்க்கை முழுக்க மனப்பாடம்.

நான் கெசையா. அவருடைய சமையற்காரி. அவருடைய உடைமையும்கூட, அவருடைய குதிரையைப் போல. தலைமையகத்து வண்டியை ஓட்டிய என் புருஷன் பிரைமஸும் அப்படித்தான்.

அந்தக் கோடையில் வடக்குப் படை டாலி ஆற்றின் அக்கரைக்கு வந்துவிட்டது. எங்கள் மேட்டில் நின்றால் நீல உடுப்புக்காரர்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டுவது தெரியும். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் எங்களுக்கு எசமான் கிடையாது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது. நடுவில் மட்டும் ஒரு முழுப் படை துப்பாக்கியோடு நின்றது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஜெனரல், அவருடைய அக்காள் மகன் கேப்டன் ஃபென்னரிடம் சொன்னார்: “என் பொண்ணு கல்யாணத்துக்குக் கெசியைச் சீதனமா அலபாமாவுக்கு அனுப்பிடப் போறேன். வண்டிக்காரன் எனக்கு வேணும், அவன் இங்கயே இருக்கட்டும்.”

நான் காப்பிக் கெண்டியைக் கீழே போடவில்லை. ஊற்றி முடித்துவிட்டு நேராக வண்டியடிக்குப் போனேன். பிரைமஸ் அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான்.

“நெசமாவா சொன்னாரு?” என்றான்.

“சோள ரொட்டியில வெண்ணெய் தடவிக்கிட்டே சொன்னாரு.”

அவன் கையை நிறுத்தவில்லை. “அப்ப ஆத்தைத் தாண்டிர வேண்டியதுதான்.”

“எப்படிய்யா நடந்து போறது? எல்லாப் பாதையிலயும் காவல் நிக்குது.”

“வண்டி இருக்கையில எதுக்குப் புள்ள நடக்கணும்?” என்றான்.

அவன் சும்மா சொல்லிவைத்தது இரண்டு நாளில் பலித்தது. காலைச் சாப்பாட்டின்போது பெரிய ஜெனரலிடமிருந்து குதிரையில் ஓர் ஆள் கடிதம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மேசையில் ஜெனரலும் கேப்டனும் மட்டும்தான். நான் பின்னால் நின்றேன். கேப்டன் உரக்கப் படித்தார்: உடனே மேட்டைக் காலி செய்து ஹார்லன் ரயிலடிக்குப் பின்வாங்கு.

ஜெனரலின் முகம் சிவந்துவிட்டது. “ஜெயிச்ச அறிக்கையை நேத்தே எழுதி வச்சிட்டேன்டா. இப்பப் போய்ப் பின்வாங்கச் சொல்றான் கிழவன்.” உத்தரவை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். “முதல்ல இந்தப் பெட்டி ரயிலடி போய்ச் சேரணும். நீயே கூடப் போ. என் கால் போனாலும் பரவாயில்ல, பெட்டி போகக் கூடாது.”

அப்படித்தான் பெட்டியும், சாப்பாட்டுச் சாமான்களும், நானும், கேப்டன் ஃபென்னரும் பிரைமஸின் வண்டியில் ஏறினோம். சாலை முழுக்கப் பீரங்கிகளும் நொண்டும் சிப்பாய்களும். என் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். அவர் வேறு கவலையில் இருந்தார். முதல் நாள் ஒரு தோப்பில் பச்சை பீச் பழங்களைப் பறித்துத் தின்று வயிறு கெட்டுப் போயிருந்தது. நான்தான் எதையோ கலந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். இல்லை. அந்தப் பெருமை பீச் பழத்துக்கே சேரட்டும்.

சாலை பிரியும் இடம் வந்தது. இடப்பக்கம் ரயிலடி, வலப்பக்கம் ஆறு. சரியாக அங்கேதான் கேப்டன் பிரைமஸின் தோளைத் தட்டினார்.

“நிறுத்துடா, நிறுத்து.”

“மறுபடியுமா கேப்டனய்யா?”

“பேசாம நிறுத்து.”

கேப்டன் அரைக்கச்சையை அவிழ்த்துக்கொண்டே புதருக்குள் ஓடினார். பிரைமஸ் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். சாட்டை காற்றைக் கிழித்தது. கோவேறு கழுதைகள் நான்கும் வலப்பக்கம் பாய்ந்தன. பின்னால் புதருக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்து, திகைத்து, மறுபடி குனிந்தது. வேறு வழியில்லை அவருக்கு. நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியாது. இரண்டும் சேர்ந்து வந்தது.

சோளக்காட்டைத் தாண்டியதும் காவல் நின்றது. தாடிக்கார சார்ஜென்ட் ஒருவன் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.

“எங்கடா ஓட்டுற? இது வடக்கத்தி யாங்கிப் பய இருக்கிற பக்கம். சீட்டு எங்க?”

பிரைமஸ் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். நான் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, எங்கள் ஜெனரல் பேசுகிற மிடுக்கிலேயே பேசினேன்.

“ஜெனரல் டில்வொர்த்தோட சொந்தக் காகிதம்யா. அவரே ஆத்தோரத்தைப் பார்த்துட்டு இந்த வழியாத்தான் வர்றாரு. படகுத்துறையில மத்தியானச் சாப்பாடு ரெடியா இருக்கணும்னு உத்தரவு. லேட்டானா யாரால லேட்டாச்சுன்னு கேப்பாரு. உங்க பேரைச் சொல்லட்டுமா?”

“பெட்டியைத் திற, பாக்கலாம்.”

“சாவி அவருகிட்ட. பட்டையை உடைக்கணும்னா உடைங்க. அவரு சம்சாரத்துக்கு எழுதின காயிதமெல்லாம் மேலாப்புல இருக்கு. நீங்க படிச்சீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவரு எண்ணி வச்சிருக்காரு.”

அவன் பித்தளைப் பட்டையைப் பார்த்தான். அதில் ஜெனரலின் பெயர் வெட்டியிருந்தது. பிறகு காப்பிக் கெண்டியைப் பார்த்தான், துணி போட்டு மூடிய பொரித்த கோழியைப் பார்த்தான். அந்தச் சட்டியிலிருந்து ஒரு தொடையை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

“துறைகிட்ட யாங்கிக்காரன் சுடுவான்,” என்றான் மென்றுகொண்டே. “காவலுக்கு ரெண்டு பேரைக் கூட அனுப்புறேன்.”

“ஐயோ, எதுக்குங்க வீண் சிரமம்.”

“ஜெனரல் சாமானை அநாதையா அனுப்பினேன்னு எம்மேல பழி வரவா?”

ஓடிப்போகிற எங்களுக்குத் தெற்குப் படையின் சாம்பல் உடுப்புக் குதிரைக்காரர்கள் இரண்டு பேர் துணை வந்தார்கள். வழியில் ஒருவன் பிரைமஸிடம் புகையிலை கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டான். பிரைமஸின் கழுத்தில் வியர்வை ஓடையாக ஓடியது.

ஆறு தெரிந்தது. கோடை ஆதலால் துறைக்கு மேலே ஆழம் குறைவு. பிரைமஸ் வண்டியை நிறுத்துவதுபோல மெதுவாக்கி, சடாரென்று தண்ணீருக்குள் விட்டான். துணை வந்தவர்களுக்குப் புரிவதற்குள் அக்கரையிலிருந்து வடக்குக்காரர்கள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு பேரும் குதிரையைத் திருப்பிக்கொண்டு பறந்தார்கள். நான் வெள்ளை மேசைவிரிப்பை உருவித் தலைக்குமேல் ஆட்டினேன். துப்பாக்கிச் சூடு நின்றது.

நடு ஆற்றில் சக்கரம் புதைந்துகொண்டது.

“பெட்டியைத் தள்ளு புள்ள,” என்று கத்தினான் பிரைமஸ். “கல்லு மாதிரி கனக்குது.”

“மாட்டேன்.”

“உனக்கு என்ன கிறுக்கா? அதுல என்ன இருக்கு, வெறும் காயிதம்.”

“வெறுங்கையோட போனா நம்மளை யாருய்யா மதிப்பா? ஓடிவந்த ரெண்டு பேருன்னு மூலையில நிறுத்துவான். இதோட போனா உக்கார வச்சுப் பேசுவான்.”

இரும்பு அடுப்பைத் தள்ளினேன். மாவு மூட்டையைத் தள்ளினேன். ஜெனரலின் மனைவி கொடுத்தனுப்பிய பீங்கான் தட்டுகள் ஒவ்வொன்றாக முங்கின. அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. கேப்டன் ஃபென்னர், எங்கேயோ பிடித்த பீரங்கிக் குதிரைமேல், சேணம்கூட இல்லாமல், கரையில் நின்றார். கையில் கைத்துப்பாக்கி இருந்தும் அவர் சுடவில்லை.

“கெசி, பெட்டியை மட்டும் தண்ணியில போடு. நீங்க போங்க. நான் பாக்கலைன்னு சொல்லிடறேன். மாமா என்னைக் கொன்னே போடுவாரு.”

பாவமாகத்தான் இருந்தது. நல்ல பையன் அவர். ஆனால் எங்களைவிட அந்தக் காகிதம்தான் பெரிது என்று அவரே வாயால் சொல்லிவிட்டார். நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“உங்க மாமாகிட்ட சொல்லுங்க, கல்யாணத்துக்கு என்னால வர முடியாதுன்னு.”

பிரைமஸ் தண்ணீரில் குதித்து முன்கழுதையின் காதில் என்ன ஓதினானோ தெரியாது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. நீல உடுப்புக்காரர்கள் பத்துப் பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவந்து சக்கரத்தைத் தள்ளினார்கள். கரையேறியதும் பிரைமஸ் ஈர மணலில் மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் இறங்கி நின்றேன். யாராவது என்னை உட்காரச் சொல்லும்வரை நின்றேதான் இருந்தேன். அங்கிருந்த கர்னல் தன் நாற்காலியையே தூக்கிப் போட்டார்.

பெட்டியை உடைத்தார்கள். கர்னல் யாரிடமோ மூக்குக்கண்ணாடி இரவல் வாங்கிப் போட்டுப் படித்தார். மேலாப்பிலேயே பின்வாங்கும் உத்தரவு இருந்ததால், டில்வொர்த்தின் படை எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாளே ரயிலடி அவர்கள் கையில் விழுந்தது. அதற்குக் கீழே, நடக்காத சண்டையில் அவர் ஜெயித்த அறிக்கை. கர்னல் அதை நடித்துக் காட்டிப் படிக்க, கூடாரமே குலுங்கியது. பிற்பாடு பெட்டியை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் நீராவிப் படகு தீப்பற்றி எரிந்து, அத்தனையும் சாம்பலானது.

ஜெனரலின் ராணுவ வாழ்க்கையும் அதோடு முடிந்தது. உத்தரவில்லாமல் மேட்டைக் கைவிட்டார் என்று பழி. உத்தரவு போட்ட பெரிய ஜெனரல், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்தார். காட்டக் காகிதம் இல்லை. சாட்சி சொல்லியிருக்கக்கூடிய கேப்டன் ஃபென்னர், விசாரணைக்கு முன்பே வேறொரு சண்டையில் செத்துப்போனார். அதைக் கேட்டு நான் அழுதேன்.

சண்டை ஓய்ந்து பல வருஷம் கழித்து, மெம்பிஸில் படகுத்துறைக்குப் பக்கத்தில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு ஜெனரலே வந்தார். இளைத்துப் போயிருந்தார். கோட்டு மட்டும் அதே மிடுக்கு. தானாகவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“கெசி, அன்னிக்குக் காலையில அந்த உத்தரவைப் படிக்கும்போது நீ இருந்தே.”

“இருந்தேன்.”

“ஒரு நீதிபதி முன்னால அதைச் சொல்லணும். என் பேர்ல இருக்கிற கறை போகணும்.” கொஞ்சம் நிறுத்தி, “சொல்லுவீங்களா?” என்றார். அவர் வாயிலிருந்து அந்த ‘ங்க’ வர எவ்வளவு பாடுபட்டது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நடந்ததைச் சொல்றதுக்கு என்ன? சொல்றேன். ஆனா நீங்களும் நடந்ததைச் சொல்லணும். இருநூறு யாங்கிக் குதிரைப்படை வண்டியைச் சூழ்ந்து பெட்டியைப் பறிச்சதுன்னு பத்திரிகையில எழுதினீங்களாம். பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுக் காட்டினாரு. பிரைமஸும் கெசையாவும் ஓட்டிக்கிட்டுப் போனாங்கன்னு உங்க கையால எழுதுங்க. அடுத்த நிமிஷம் நான் கோர்ட்டுக்கு வர்றேன்.”

பிரைமஸ் உள்ளேயிருந்து மையும் பேனாவும் கொண்டுவந்து வைத்தான். ஜெனரல் பேனாவை எடுத்தார். ‘நான்’ என்று தொடங்கினார் போலிருக்கிறது. அதோடு கை நின்றுவிட்டது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தோற்ற ஜெனரல் என்ற பெயரை அவரால் தாங்க முடிந்தது. தன் சமையற்காரியிடம் தோற்றவர் என்பதை முடியவில்லை. பேனாவை மெதுவாக வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்புறம் அவரை நாங்கள் பார்க்கவில்லை.

அவர் செத்தபிறகு அவருடைய மகள் அவர் எழுதிவைத்ததைப் புத்தகமாகப் போட்டாள். இருநூறு குதிரைப்படை அதில் நானூறாகிவிட்டது. வாத்தியார் அந்தப் பக்கத்தைக் கடையில் வைத்து எல்லாருக்கும் கேட்கப் படித்தார். பிரைமஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டான்:

“அந்த நானூறு பேருல நான் எத்தனை பேரு, நீ எத்தனை பேரு புள்ள?”

“முந்நூறு நான்,” என்றேன்.