கப்பல் தாதாவின் ஃபாத்திஹா

சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கன்டெய்னர் இந்த நிமிடம் எந்தக் கடலில் இருக்கிறது என்று கேளுங்கள், டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவேன். ராணிப்பேட்டையில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் பதினொரு வருடமாக அதுதான் என் வேலை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், அப்புறம் ஜெர்மனிக்காரன் போடும் கோபமான மெயிலுக்குப் பணிவாக ஒரு பதில். என் கணவர் முனவ்வர் எங்கே என்று மட்டும் என்னைக் கேட்கக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மஸ்கட்டில் ஒரு தோல் பொருள் கடைக்கு வேலைக்குப் போனவர். ஒன்றரை வருடம் போன் வந்தது. பிறகு போனும் இல்லை, ஆளும் இல்லை.

என் பெயர் வஹீதா. வயது நாற்பத்து மூன்று. மேல்விஷாரத்தில் அண்ணன் நயீம் அகமது வீட்டு மாடியில் மகள் மஹீனோடு இருக்கிறேன். இருக்கிறேன் என்பதைவிட வைத்திருக்கிறார்கள் என்பது சரி.

இந்த வீட்டில் எனக்கு முன்பே ஒருத்தி காத்திருந்து பெயர் வாங்கிவிட்டாள். அவள் பெயர் நசீமுன்னிசா. அவள் கணவர் அமீர் பாஷா, என் அப்பாவுக்குத் தாத்தா. பெரியமேட்டுத் தோல் மண்டியில் கட்டு எண்ணிக்கொண்டிருந்த மனிதர், லண்டனுக்குத் தோல் ஏற்றிப்போன கப்பலில் கலாசியாகச் சேர்ந்துவிட்டார். அது 1916. கொழும்பிலிருந்து ஒரு கார்டு போட்டார். அதோடு சரி. எங்கள் உருதுவில் தாத்தா என்றால் தாதா, பாட்டி என்றால் தாதி; வீட்டில் அவருக்குக் கப்பல் தாதா என்று பெயர். அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சண்டையில் ஜெர்மன்காரன் பிடித்துப் போனான், ஜாவாவில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார், மக்காவில் பள்ளிவாசல் பெருக்குகிறார். செத்துப்போனார் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. இருபது வயதில் கைப்பிள்ளையோடு நின்ற நசீமுன்னிசா, முப்பத்தொன்பது வருடம் கருகமணித் தாலியைக் கழற்றாமல் காத்திருந்து 1955-இல் மௌத்தானாள்.

எங்கள் வீட்டில் எந்தப் பெண் வாயைத் திறந்தாலும் உடனே நசீமுன்னிசாவைக் கூட்டிவந்து நிறுத்திவிடுவார்கள். சபர், பொறுமை என்றால் நசீமுன்னிசா. மானம் என்றால் நசீமுன்னிசா. நான் பார்த்தே இராத அந்தப் பெண்மணி மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சமீருல்லா தன் அக்கா மூலமாக என்னைக் கேட்டனுப்பினார். கெமிக்கல் யூனிட் ஒன்றில் லேப் பார்ப்பவர், மனைவியை இழந்தவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் காணாமல் போன கணவரோடு செய்த நிக்காஹை ஜமாஅத் முறித்துத் தந்தால்தான் நான் இன்னொன்று செய்துகொள்ள முடியும். மனு எழுதினேன். 2024 ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கமிட்டி அறைக்குப் போனேன். கமிட்டியில் என் அண்ணனும் ஒருவர். அவர் கையை நீட்டி மனுவை வாங்கினார், படிக்காமலே நாலாக மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

"புருஷன் உயிரோட இருக்கும்போது இன்னா பேச்சு இது, வஹீதா? நசீமுன்னிசா தாதி ஜமாஅத் படி ஏறினாங்களா? வீட்டுக்குப் போ."

மற்றவர்கள் தரையில் விரித்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு விஷயம், அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி. வெளியே சமீருல்லா வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் காத்திருந்தார், பாவம். போன வருடம் திமிரியில் நிக்காஹ் செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் நிக்காஹ் நடந்த அந்த வாரம்தான் முடிவு செய்தேன், இந்த நசீமுன்னிசாவை ஒரு கை பார்ப்பது என்று. கப்பல் தாதா எப்போதோ செத்திருக்க வேண்டும். அதை எழுத்தில் காட்டிவிட்டால் அவள் காத்திருந்தது வீண் என்றாகும். அப்புறம் அவளைக் காட்டி என்னைக் கட்டிப்போட முடியாது. சமீருல்லா போய்விட்டார், சரி. எனக்கு என் விடுதலை வேண்டும். வராத ஒருவரின் மனைவியாகச் சாக நான் தயாராக இல்லை.

கொழும்புக் கார்டில் கப்பலின் பெயர் இருந்தது. கப்பல் பெயர் கையில் இருந்தால் எனக்குப் போதும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடுவேன். பக்கத்து சீட்டு தேவகி, "இன்னாக்கா, நூறு வருஷத்து ஷிப்மென்ட்டுக்கு டெலிவரி கேக்குறியா?" என்று சிரிப்பாள். நான் முதலில் செய்தது ஒரு முட்டாள்தனம். கலாசிகளை ஒவ்வொருவராகத் தேடினேன். அந்தக் காலத்தில் கலாசிகளை ஆள் பிடித்துச் சேர்த்தவன் சேராங்கு. தாளில் அவன் பெயருக்குக் கீழேதான் மற்றவர்கள் வருவார்கள் என்று புரிய இரண்டு மாதம் ஆனது. சேராங்கின் பெயரைப் பிடித்ததும் அமீர் பாஷா கிடைத்தார். மேல்விஷாரம், வயது இருபத்தாறு, நிலக்கரி அள்ளும் வேலை. மாலுமி, கேப்டன், அரபு ராஜாவின் நண்பர் என்று சின்ன வயதில் நான் கேட்டவர், அடித்தளத்தில் கரி அள்ளியிருக்கிறார்.

லண்டனில் ஒரு ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். ஏழு வாரம் கழித்து ஒரு அம்மாள் மூன்று தாள்களை ஸ்கேன் செய்து அனுப்பினாள். முதல் தாள், துறைமுக ஆஸ்பத்திரி ஒன்றின் சான்று. நிமோனியா, 1917 டிசம்பர் மூன்று. இரண்டாவது, அவர் விட்டுப்போன சாமான்களின் பட்டியல். கம்பளி ஒன்று, பித்தளைச் சொம்பு ஒன்று, தொப்பி இரண்டு, தஸ்பீஹ் மணிமாலை ஒன்று. அதைப் படித்தபோது அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் தெரியாது.

மூன்றாவது தாளைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. 1918 ஆகஸ்டில் ஆற்காடு தாலுகா ஆபீசில் கொடுத்த ரசீது அது. அமீர் பாஷா இறந்த செய்தியையும் மேற்படி சாமான்களையும் பெற்றுக்கொண்டேன் என்று இறந்தவரின் தம்பி உருதுவில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தத் தம்பிதான் நசீமுன்னிசா சாகும்வரை அவளைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய நல்லவர். அவருடைய பெருந்தன்மையைப் பற்றியும் எங்கள் வீட்டில் நிறையப் பேசுவார்கள்.

தாதா பெயரில் ஒரு யாசீன் ஓதலாம் என்று, இறந்த தேதிக்கு இஸ்லாமியத் தேதி என்ன என்று போனில் தட்டிப் பார்த்தேன். சஃபர் மாதம் பதினெட்டு என்று வந்தது.

எங்கள் வீட்டில் வருடா வருடம் சஃபர் பதினெட்டில் ஒரு ஃபாத்திஹா உண்டு. பெரியவங்க ஃபாத்திஹா என்பார்கள். எந்தப் பெரியவங்க என்று கேட்டால், எல்லாப் பெரியவங்களும்தான் என்பார்கள். முன்கட்டில் பள்ளிவாசல் இமாமான ஹஸ்ரத்தும் ஆண்களும் உட்கார்ந்து, இறந்தவர்கள் பெயரைச் சொல்லி ஓதுவார்கள். பின்கட்டில் பெண்கள் விடியற்காலையிலிருந்து பிரியாணியும் இனிப்பு மீட்டா சோறும் ஆக்குவோம். அடுப்புச் சத்தத்தில் ஒரு பெயரும் எங்கள் காதில் விழாது. இந்த ஏற்பாடு என் அப்பா பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு வருடம் நசீமுன்னிசாவும் அந்த அடுப்படியில் நின்றிருக்கிறாள். அவளே அரிசி களைந்து, அவளே வெங்காயம் உரித்து, தன் கணவரின் ஃபாத்திஹாவுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு, அவர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்திருக்கிறாள்.

ஆண்களின் பயத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. செத்தவருக்கு ஓதாமல் விட்டால் நாளைக்குக் கியாமத்தில், தீர்ப்பு நாளில், சட்டையைப் பிடிப்பார் என்று பயம். உயிரோடு இருந்த அந்த இருபது வயதுப் பெண் யார் சட்டையைப் பிடிக்கப்போகிறாள்?

சும்மா ஊகத்தை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனால் அண்ணன் ஊதித் தள்ளிவிடுவார். அதனால் மறுநாள் லீவு போட்டுவிட்டு ஹஸ்ரத் வீட்டுக்குப் போனேன். உமர் ஃபாரூக் ஹஸ்ரத் வெளியூர்க்காரர், மூன்று வருடமாகத்தான் எங்கள் பள்ளிவாசலில் இருக்கிறார். மடித்துவைத்த என் மனு அவர்வரைக்கும் போகவே இல்லை என்பதால் என் கதையும் அவருக்குத் தெரியாது. நயீம் அகமதின் தங்கை என்றதும் அவர் மனைவி என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் கதவருகே நாற்காலி போட்டுக்கொண்டார்.

"சஃபர் ஃபாத்திஹால யார் யார் பேரு சொல்லி ஓதறீங்க, ஹஸ்ரத்?"

"அதுல இன்னாம்மா ரகசியம்? உங்க அண்ணன் நயீம் பாய் வருஷா வருஷம் வாட்ஸப்ல அனுப்பிடுவாரு." போனில் தேடி எடுத்து வாசித்தார். "மொதல்ல மர்ஹூம் அமீர் பாஷா. அவருதான் பழைய ஆளு, அவரு மௌத்தான நாள்னுதான் இந்தத் தேதி. அப்புறம் அவரு தம்பி…"

இது போதும் என்று எழுந்துவிட்டேன். அவர் பாட்டுக்குத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். என் தாத்தா, என் அப்பா, பெரியப்பா.

"கடைசியா முனவ்வர் ஷரீஃப். இது முன்ன இல்ல. ரெண்டு வருஷமாத்தான் சேர்த்திருக்காரு. யாரோ சொந்தக்காரர், வெளிநாட்டுல மௌத்தாம். உங்களுக்குத் தெரிஞ்சவராம்மா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். ஹஸ்ரத்தின் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பிறகு, ஒரு பெண்ணுக்குக் கணவன் இறந்தது தெரியாமலே இருந்தால் மறுமணத்துக்கு முன் அவள் இருக்க வேண்டிய இத்தா காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று கேட்டேன். என் குரல் ஆபீசில் பேசுவதுபோலவே இருந்தது.

"மௌத்தான நாள்லேர்ந்துதான்மா. நாலு மாசம் பத்து நாள். சேதி லேட்டா வந்தாலும் அதே கணக்குதான். அதுக்குள்ள முடிஞ்சிருந்தா முடிஞ்சதுதான், அவங்க யாரை வேணும்னாலும் நிக்காஹ் பண்ணிக்கலாம்."

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். மூன்று தாள்களையும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். திடுக்கிடுவார் என்று நினைத்திருந்தேன். எச்சில் கை படாமல் ஓரமாகத் தள்ளி வைத்தார், அவ்வளவுதான்.

"அப்பா சொல்லிருக்காரு. ஆம்பளைங்களுக்குத் தெரியும்."

"அந்தம்மாகிட்ட ஏன் சொல்லல, பாய்ஜான்?"

"இருபது வயசு. சொல்லிருந்தா இத்தா முடிஞ்ச கையோட அவங்க வீட்ல வேற எடத்துல கட்டிக் குடுத்துட்டிருப்பாங்க. புள்ள இன்னா ஆவறது? குடும்பம் இன்னா ஆவறது? நல்லதுக்குத்தான் பண்ணாங்க. இப்ப அதைக் கெளறி இன்னா ஆகப்போவுது?"

"முனவ்வர் பேரு லிஸ்ட்ல எப்படி வந்துச்சு?"

சோற்றில் அவர் கை நின்றது. பொய் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஃபாத்திஹா விஷயத்தில் பொய் சொல்ல அவருக்குப் பயம்.

"பேர்ணாம்பட்டு ஆளு ஒருத்தன் போன் பண்ணான். அதே ஓமன்ல, சலாலா ஆஸ்பத்திரில. ஹார்ட்டு. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க." தண்ணீர் குடித்தார். "மஹீன் நிக்காஹ் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீ வேற ஒருத்தனைக் கட்டிட்டுப் போய்ட்டா அந்தப் பொண்ண யாரு கேப்பாங்க? யோசிச்சுப் பாரு."

நான் தாள்களை எடுத்து அடுக்கினேன். அவருக்கு அது தெம்பாகப் போய்விட்டது போல.

"அவனுக்கு நான் ஒரு குறையும் வெக்கல, வஹீதா. ரெண்டு வருஷமும் பேரு சொல்லி ஓதிட்டேன். யாசீன் ஓத வெச்சேன். உன் கையாலயே சமைச்சு நடந்துச்சு. நெனைச்சுப் பாத்தா உனக்கும் அதுல நன்மைதான்."

இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் உண்மையாகவே எதிர்பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். முனவ்வருக்கு அழ வேண்டும் என்று தோன்றியது. பதினாலு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர். அழுகை வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் அண்ணன் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னிக்கு?" என்று கேட்டேன்.

"இன்னா?"

"அவரு மௌத்தான தேதி."

இடது கையால் போனை எடுத்து, வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சொன்னார். "ஜனவரி ஒம்பது. ரெண்டாயிரத்து இருபத்து நாலு."

கப்பல் கிளம்பிய தேதியிலிருந்து போய்ச் சேரும் தேதியை எண்ணுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. காலண்டர் வேண்டியிருக்கவில்லை. பிறைக் கணக்கில் நாலு மாதம், மேலே பத்து நாள். மே பதினாறு. ஜூன் பதினாலாம் தேதி நான் மனுவோடு கமிட்டி அறையில் நின்றபோது என் இத்தா முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நான் யாருடைய மனைவியும் இல்லை. யாரையும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை. நேராக வெளியே போய் சமீருல்லாவின் வண்டியில் ஏறியிருக்கலாம். அந்த அறையில் இருந்த ஏழு பேரில் அது ஒருவருக்குத் தெரியும். அவர்தான் என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்றார். நானும் வந்துவிட்டேன்.